பிளஸ் டூ முடிவதற்குள்: கல்லூரிக் கூடைப்பந்து அணியில் இடம்பிடிக்கும் வழி

கம்பம் பள்ளத்தாக்கிலும், எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் குமுளி, வண்டிப்பெரியாறு, மூணாறு தோட்டங்களிலும் பந்து தட்டும் பிள்ளைகள் பெரிய ஆட்டம் பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. மே மாதம் பெரியகுளத்துக்குப் பஸ் ஏறினால் அகில இந்தியப் போட்டியையே பார்த்துவிடலாம். அங்கே ஆடுபவர்களில் பலர் கல்லூரி அணிகளில் ஆடி மேலே வந்தவர்கள். அந்தக் கல்லூரிக்குள் எப்படி நுழைவது என்பதுதான் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சரியாகச் சொல்லப்படுவதில்லை. பிளஸ் டூ ரிசல்ட் கையில் வந்த பிறகு கல்லூரி தேடினால் பாதி இடம் நிரம்பியிருக்கும். இந்த வேலையை ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும்.

எந்த மாநிலத்துக்கு ஆடுவது?

எல்லையில் இருப்பவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான். பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் வீடு எங்கே என்பது கணக்கில்லை, பள்ளி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்துக்குத்தான் ஆட முடியும். தமிழ்நாட்டில் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று ஏற வேண்டும். கேரளத்தில் உபஜில்லா, ரெவன்யூ ஜில்லா, மாநிலம். இதற்குப் பக்கத்தில் மாவட்டக் கூடைப்பந்துச் சங்கத்தின் வழி தனியாகப் போகிறது. 16 வயதுக்குட்பட்ட யூத், 18 வயதுக்குட்பட்ட ஜூனியர் மாநில அணித் தேர்வுகளெல்லாம் அந்த வழியில்தான் நடக்கும். இரண்டிலும் பெயர் இருக்கட்டும். பள்ளி அணி குறுவட்டத்திலேயே தோற்றுவிட்டால் அந்த ஆண்டு உங்களை வேறு யார் பார்ப்பார்கள்? தமிழ்நாட்டுப் பக்கம் படிப்பவர்களுக்கு முதலமைச்சர் கோப்பை இன்னொரு மேடை.

ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒவ்வொரு மாநிலமும் தனக்காக ஆடிய சான்றிதழுக்கே முதல் மதிப்பு தரும். அதனால் பத்தாம் வகுப்பு வரை ஒரு மாநிலம், பதினொன்றில் இன்னொன்று என்று மாறினால், ஏறிய படி கைவிட்டுப் போகும். மாறித்தான் ஆக வேண்டுமென்றால் பதினொன்றில் சேரும் முன்பே, நீங்கள் போக நினைக்கும் இரண்டு மூன்று கல்லூரிகளின் கையேட்டை எடுத்து, எந்த ஆண்டுச் சான்றிதழ், எந்த மாநிலத்துக்காக ஆடியது என்று என்ன கேட்கிறார்கள் எனப் படியுங்கள். இருப்பிடச் சான்றும் அதோடு சேர்ந்தே வரும்.

காகிதம்

ஆட்டத்தில் தோற்பவர்களைவிடக் காகிதத்தில் தோற்பவர்கள் இந்தப் பக்கம் அதிகம். காரணம் பெயர். தமிழ்நாட்டுப் பள்ளிச் சான்றில் இனிஷியலோடு இருக்கும் பெயர், கேரளச் சான்றில் அப்பா பெயரோ வீட்டுப் பெயரோ சேர்ந்து நீளும். ஆதாரில் மூன்றாவது விதமாக இருக்கும். போட்டிச் சான்றிதழில் பி.டி. சார் வாய்க்கு வந்தபடி எழுதியது நான்காவது விதம். சரிபார்ப்பு மேசையில் இருப்பவருக்கு நீங்கள் யார் என்று தெரியாது, எழுத்து மட்டுமே தெரியும். பிறப்புச் சான்று, ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஓர் எழுத்துகூட மாறாமல் இருக்கும்படி ஒன்பதாம் வகுப்பிலேயே திருத்திவிடுங்கள். பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்பிய பிறகு திருத்துவது பெரும் அலைச்சல்.

போட்டிச் சான்றிதழ் வேறு, கோட்டாவுக்கு வேண்டிய படிவம் வேறு. மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியிருந்தால் அதற்கென்று உள்ள படிவத்தில் சங்கச் செயலாளரோ, பள்ளிப் போட்டியென்றால் கல்வித் துறை அதிகாரியோ கையெழுத்திட்டு முத்திரை வைக்க வேண்டும். போட்டி முடிந்த சில வாரங்களுக்குள் அதை வாங்கிவிடுங்கள். பொறுப்பில் இருப்பவர் மாறிவிட்டால் பழைய போட்டிக்குக் கையெழுத்து வாங்க மாதக்கணக்கில் நடக்க வேண்டிவரும். சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள். பின்பக்கம் முத்திரை குத்தவோ மையைத் தடவிப் பார்க்கவோ முடியாது என்று திருப்பி அனுப்புவார்கள்.

வயதைக் குறைத்துக் காட்டச் சொல்லும் ஆள் எந்த ஊரிலும் ஒருவர் இருப்பார். கேட்காதீர்கள். இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயது பார்க்கும் முறை இருக்கிறது. மாட்டினால் அந்த ஆண்டு மட்டுமல்ல, முன்பு நேர்மையாக ஆடியதும் சந்தேகத்துக்குள் போய்விடும்.

வீடியோ

பயிற்சியாளர்கள் எல்லோரும் தேனிக்கோ இடுக்கிக்கோ வந்து பார்க்க மாட்டார்கள். அவர்கள் கைக்கு ஆட்டத்தை அனுப்ப வேண்டும். நீளம் மூன்று நிமிடம், மிஞ்சினால் நான்கு. போனைக் குறுக்காகப் பிடித்து, நடுக்கோட்டுக்கு நேரே உயரமான படியிலோ மொட்டை மாடியிலோ நின்று எடுக்கச் சொல்லுங்கள். ஆள் ஓடும் பக்கமெல்லாம் ஜூம் செய்யக் கூடாது. பத்துப் பேரும் தெரிந்தால்தான் நீங்கள் சரியான இடத்தில் நின்றீர்களா என்று தெரியும். தொடக்கத்தில் ஜெர்சி எண்ணைக் காட்டி, ஒவ்வொரு துண்டிலும் ஆட்டம் தொடங்குமுன் உங்கள் மேல் ஒரு அம்புக்குறி வையுங்கள். பாட்டு வேண்டாம். களத்தில் நீங்கள் குரல் கொடுப்பது கேட்கட்டும்.

பெரும்பாலான வீடியோக்களில் பந்து வளையத்தில் விழுவது மட்டுமே இருக்கும். முதல் அரை நிமிடத்துக்குள் ஒரு தடுப்பு, ஒரு ரீபவுண்ட் (வளையத்தில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), ஒரு நல்ல பாஸ், ஒரு ஷாட் நான்கும் வந்துவிட வேண்டும். வெட்டாத முழு ஆட்டம் ஒன்றையும் தயாராக வைத்திருங்கள். ஆர்வம் வந்த பயிற்சியாளர் அடுத்துக் கேட்பது அதைத்தான்.

கூடவே அனுப்பும் செய்தி சுருக்கமாக இருக்கட்டும்: “வணக்கம் சார். நான் பதினொன்றாம் வகுப்பு, அறிவியல் பிரிவு. பிறந்த ஆண்டு 2009. ஷூ இல்லாமல் உயரம் 181 செ.மீ. கார்டு இடத்தில் ஆடுகிறேன், வலது கை. கடந்த ஆண்டு மாநில ஜூனியர் தேர்வு முகாம் வரை வந்தேன். பத்தாம் வகுப்பில் 78 சதவீதம். உங்கள் கல்லூரியில் பி.காம். சேர விரும்புகிறேன். வீடியோ இணைத்துள்ளேன். தேர்வு எப்போது என்று தெரிந்தால் வருகிறேன் சார்.” இந்த அளவு போதும். உயரத்தை மட்டும் கூட்டிச் சொல்லாதீர்கள், தேர்வு நாளில் முதல் ஐந்து நிமிடத்தில் சுவரில் நிறுத்தி அளந்துவிடுவார்கள். பதில் வராவிட்டால் அடுத்த போட்டி முடிந்ததும் புதிய வீடியோவோடு ஒருமுறை எழுதுங்கள். தினமும் எழுதுவது தொல்லை.

ஆட்டம் பார்ப்பதும் பயிற்சிதான்

அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தை விழுந்து விழுந்து பார்க்கும் பிள்ளைகள் இப்போது நம்மிடையே நிறைய. மார்ச் மாதம் 68 அணிகளின் போட்டி நடக்கும்போது, அங்கே கிழக்குக் கரையில் இரவு 7 மணி ஆட்டம் நமக்கு விடியற்காலை 4.30. பொதுத்தேர்வும் அதே மாதம்தான், அதனால் தூக்கத்தைக் கெடுக்காமல் பிறகு பாருங்கள். பந்தை விட்டுவிட்டு, உங்கள் இடத்தில் ஆடும் ஒருவரை மட்டும் பத்து நிமிடம் தொடர்ந்து கவனியுங்கள். பந்து கையில் இல்லாத நேரத்தில் அவர் எத்தனை முறை இடம் மாறுகிறார், எத்தனை முறை சக ஆட்டக்காரருக்காக எதிராளியின் வழியை மறித்துத் திரையாக (ஸ்கிரீன்) நிற்கிறார் என்று எண்ணுங்கள். ஆண்கள் ஆட்டம் அங்கே 20 நிமிடம் வீதம் இரண்டு பாதி, ஷாட்டுக்கு 30 விநாடி. நம் ஆட்டம் 10 நிமிடம் வீதம் நான்கு கால், ஷாட்டுக்கு 24 விநாடி. அவர்கள் நிதானமாகக் கட்டும் ஆட்டத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தால் நேரம் போதாது. மூன்று புள்ளிக் கோடு மட்டும் இரண்டிலும் 6.75 மீட்டர்தான்.

தேர்வு நாள்

கல்லூரி அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஏப்ரல் முதல் ஜூன் வரை. கேரளப் பக்கம் ஜூனில் போனால் மழை நிச்சயம். நனைந்து பாசி படிந்த சிமென்ட் களத்தில் தேய்ந்த ஷூவோடு திரும்பினால் கணுக்கால் போய்விடும். புது ஷூவையும் அன்றைக்கே போடாதீர்கள், கொப்புளம் வரும். இரண்டு வாரம் போட்டுப் பழகிய ஷூ, இரண்டு ஜோடி சாக்ஸ், ஒரு வெளிர் ஒரு கரு நிற பனியன் எடுத்துக்கொள்ளுங்கள்.

உயரம், குதிப்பு, ஓட்டம் பார்த்த பிறகு மூன்றுக்கு மூன்று, ஐந்துக்கு ஐந்து ஆடவிடுவார்கள். அன்று எல்லோரும் ஷாட் போடவே துடிப்பார்கள். பயிற்சியாளரிடம் ஷாட் போடுகிறவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். அவர் கண் தேடுவது வேறு. எதிராளியிடம் பந்து போனதும் நீங்கள் ஓடும் முதல் எட்டுகள் முழு வேகம், கடைசி இரண்டு மூன்று எட்டு குறுக வேண்டும், இடுப்பு தாழ வேண்டும், ஒரு கை பந்துக்கு நேரே எழ வேண்டும். எட்டைக் குறுக்காமல் பாய்ந்தால் அவன் ஷாட் போடுவதுபோல் காட்டிவிட்டுப் பக்கத்தில் போய்விடுவான். ரீபவுண்டிலும் இப்படித்தான். ஷாட் கிளம்பியதும் கண் பந்தோடு மேலே போனால் ஆளை விட்டுவிட்டீர்கள். முதலில் ஆளைத் தேடி முன்கையால் தொடுங்கள், திரும்பி இடுப்பால் அடையுங்கள், அதன் பிறகு பந்து. பந்தைப் பறிகொடுத்த அடுத்த நொடி தலையில் கை வைக்காமல் திரும்பி ஓடுகிறவரைத்தான் நோட்டில் குறித்துக்கொள்வார்கள்.

தமிழோ மலையாளமோ, களத்தில் பேசுங்கள். “வலது பக்கம் ஸ்கிரீன்”, “பந்து என்னுது”. மொழி தயங்கி வாயை மூடிக்கொண்டால் பாதி ஆட்டம் போய்விடும்.

எடுத்துக்கொண்டால்

சேர்த்துவிடுகிறேன் என்று பணம் கேட்பவரை விட்டு விலகுங்கள், உண்மையான பயிற்சியாளர் அப்படிக் கேட்க மாட்டார். அமெரிக்கா போக நினைப்பவர்களுக்கும் இதுவே. அங்கே கல்லூரி விளையாட்டின் மேல் மட்டமான டிவிஷன் ஒன்றில் ஆட, பள்ளிப் படிப்பில் 16 முக்கியப் பாடங்களும் அவற்றில் 4-க்கு 2.3 சராசரியும் வேண்டும். டிவிஷன் மூன்றில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. இதைச் சொல்லாமல் ‘ஸ்காலர்ஷிப்’ என்று மட்டும் சொல்பவர் நம்பத்தக்கவர் அல்ல.

இங்கே ‘ஃப்ரீ சீட்’ என்றால் எதெது என்று பெற்றோரோடு உட்கார்ந்து கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். கல்விக் கட்டணம் மட்டுமா, விடுதியும் மெஸ்ஸும் சேர்ந்தா, தேர்வுக் கட்டணம் யார் கட்டுவது? மூன்று ஆண்டுக்குமா, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டுமா? போட்டிக்குப் போகும் நாளுக்கு ஓ.டி. (வந்ததாகக் கணக்கு வைக்கும் ஆன் டியூட்டி) உண்டா, தவறிய இன்டர்னல் தேர்வை மறுபடி எழுதவிடுவார்களா? எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் ஆண்டிலேயே முழங்கால் தசைநார் அறுந்து ஓராண்டு ஆட முடியாமல் போனால் சலுகை தொடருமா, சிகிச்சைச் செலவு யாருடையது? இந்தக் கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வரும்வரை ஒரிஜினல் சான்றிதழ்களைக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் ரசீது வாங்குங்கள்.