பிளாஷ் டிரைவர் பேட்ச்: ரிவ்யூவில் நழுவிப்போகும் தவறுகள்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பு மோட்டார் ஷெட்டில் மாட்டியிருக்கும் கன்ட்ரோலர் போர்டுக்கு எப்போது கரண்ட் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த மாதிரி போர்டின் பிளாஷ் மெமரிக்கு ஒரு லினக்ஸ் டிரைவர் பேட்ச் (கோட் திருத்தம்) உங்களிடம் ரிவ்யூவுக்கு வருகிறது. "டெஸ்ட் பண்ணியாச்சு, ஓடுகிறது" என்று குறிப்பு. அதை நம்பிச் சரி சொல்வதுதான் முதல் தவறு. மேஜைமேல் புது சிப்பில் எதுதான் ஓடாது? ஏதாவது தப்பாகப் போனால் கோட் என்ன செய்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

நான்ட் (NAND) வகை பிளாஷில் பிட்கள் அவ்வப்போது புரளும், அதாவது 0 1 ஆகும், 1 0 ஆகும். இசிசி (ECC) என்ற பிழைதிருத்தும் முறை அதைத் திருத்தும். எத்தனை பிட் திருத்தியது என்பதை டிரைவர் மேலே சொல்ல வேண்டும். பலருடைய கோட் பக்கத்தைப் படித்து முடித்ததும், எதுவும் திருத்தவில்லை என்பதுபோல் பூஜ்ஜியத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. டேட்டா சரியாகவே வருவதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் டிரைவருக்கு மேலே உட்கார்ந்து பிளாஷ் பிளாக்குகளை நிர்வகிக்கும் லினக்ஸ் அடுக்கான யூபிஐ (UBI) அந்த பிளாக்கை வேறிடத்துக்கு மாற்றாமல் சும்மா இருக்கும். பிட்கள் சேர்ந்துகொண்டே போய் ஒருநாள் இசிசி கைவிரிக்கும்.

எண்ணிக்கையைச் சொல்பவர்களும் கூட்டிச் சொல்லிவிடுவார்கள். 2048 பைட் பக்கம், 512 பைட்டுக்கு 4 பிட் திருத்தும் இசிசி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு துண்டிலும் தலா ஒரு பிட் புரண்டிருந்தால் சொல்ல வேண்டிய விடை 1, 4 அல்ல. ஒரே துண்டில் அதிகபட்சம் எத்தனை என்பதுதான் கணக்கு. வழக்கமான எச்சரிக்கை எல்லை 3 என்பதால், 4 என்று சொன்னால் நல்ல பிளாக்கை எல்லாம் யூபிஐ வீணாக இடம் மாற்றும். அழித்த வெற்றுப் பக்கத்தில் ஒரு பிட் புரண்டாலே திருத்த முடியாத பிழை என்று சொல்லும் கன்ட்ரோலர்களும் உண்டு. அதைத் தனியாகக் கவனித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

அப்புறம் எஸ்பிஐ நார் (SPI NOR) என்ற இன்னொரு வகை பிளாஷ். 16 எம்பிக்கு மேற்பட்ட சிப்பை 4 பைட் முகவரி முறைக்கு மாற்றிவிட்டு, பழைய 3 பைட் முறைக்குத் திருப்பாமல் விடுவார்கள். ரீபூட் ஆனால் போர்டில் முதலில் ஓடும் பூட் ரோம் (boot ROM) கோட் 3 பைட்டில் கேட்கும், சிப் 4 பைட்டுக்குக் காத்திருக்கும், போர்டு அப்படியே நின்றுவிடும். சிப்புக்கு ரீசெட் கம்பி இல்லாத போர்டில்தான் இந்த வம்பு. கரண்ட் போனால் சிப் தானாகவே 3 பைட்டுக்குத் திரும்பிவிடும் என்பதால், கரண்டைப் பிடுங்கிப் போட்டு டெஸ்ட் செய்பவர் கண்ணில் இது படவே படாது. ஷட்டவுனில் திருப்புகிறோமே என்பார்கள். சிஸ்டம் உறைந்தால் வாட்ச்டாக் டைமர் தானே செய்யும் ரீசெட்டில் ஷட்டவுன் கோட் ஓடுமா என்ன? சிப் அனுமதித்தால் 4 பைட்டுக்கென்றே உள்ள கமாண்டுகளைப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததா என்று டைம்அவுட்டோடு காத்திருக்கும் ஃபங்ஷனில் (wait_for_completion_timeout) நேரம் தீர்ந்தால் வருவது பூஜ்ஜியம். அதை நெகட்டிவா என்று சோதிக்கும் கோட் இன்னும் வருகிறது. மேலிருந்து வரும் பஃபர் விமாலக்கில் (vmalloc) எடுத்ததாக இருக்கலாம், அதாவது உண்மையான மெமரியில் தொடர்ச்சியாக இல்லாமல் சிதறிக் கிடக்கலாம். அதை அப்படியே டிஎம்ஏவுக்கு (DMA, பிராசஸர் தலையிடாமல் மெமரியோடு நேரடியாக டேட்டா மாற்றும் முறை) கொடுத்திருந்தால் பேட்ச்சை நிறுத்துங்கள்.

ஸ்பேஸ், கமா பிழைகளை செக்பேட்ச் ஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்ளும். அதிலேயே பத்து கமெண்ட் போட்டுவிட்டு எரர் பாதையைத் தொடாமல் விடுபவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. பிட்டை வேண்டுமென்றே புரட்டிப் பார்க்கும் நான்ட்பிட்எர்ஸ் (nandbiterrs) டெஸ்ட்டின் அவுட்புட்டைக் கேளுங்கள். கன்ட்ரோலர் டேட்டாஷீட் கையில் இல்லையென்றால், எந்தப் பகுதியைப் பார்க்கவில்லை என்று பதிலிலேயே எழுதிவிடுங்கள்.