ஞாயிறு பாட்டை வாரநாட்களில் சபைக்குப் பழக்குவது எப்படி?

ஆராதனையில் பாடகர் குழு மட்டும் பாட, சபையார் புத்தகத்தைப் பார்த்தபடி நிற்கிறார்கள் என்றால் ஒலிபெருக்கியைக் கூட்டிப் பயனில்லை. பெரும்பாலும் அவர்களுக்கு அந்தப் பாட்டு தெரியாது, அல்லது எடுத்த சுருதி எட்டவில்லை. இரண்டையும் ஞாயிறு காலையில் சரிசெய்ய முடியாது. திங்கள் முதல் சனி வரை வீட்டிலும் ஜெபக்கூட்டத்திலும் நாலைந்து தடவை வாயில் வந்த பாட்டைத்தான் சபை தயங்காமல் பாடும். பாமாலை (மேலைநாட்டு மெட்டில் அமைந்த பாட்டு), கீர்த்தனை (நம் ராகத்தில் அமைந்த பாட்டு), புதுப்பாடல் மூன்றும் கலந்து பாடுகிற சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) போன்ற சபைகளுக்கான முறை இது.

சபைக்கு நன்றாகத் தெரிந்த பாடல்களை முதலில் ஒரு பட்டியலாக எழுதுங்கள். மூத்தவர்கள் இருவர், ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர் ஒருவர் உடன் இருக்கட்டும். பாடகர் குழுவுக்குத் தெரிந்ததைச் சபைக்குத் தெரிந்ததாக நினைத்துவிடுவது இங்கே எளிது. ஒரு ஆராதனைக்கு ஐந்து பாட்டு என்றால் நான்கு இந்தப் பட்டியலிலிருந்து வரட்டும், ஒன்று மட்டும் புதிது. அந்தப் புதுப்பாட்டை நான்கு வாரம் மாற்றாதீர்கள். வாரம் ஒரு புதுப்பாட்டு கொடுக்கும் சபையில் எதுவுமே நிலைப்பதில்லை.

அடுத்தது சுருதி. யூடியூபில் கேட்கும் பாட்டு அந்தப் பாடகரின் குரலுக்கு ஏற்ற கட்டையில், அதாவது சுருதி அளவில், இருக்கும். அப்படியே எடுத்தால் சரணத்தின் மேல் ஸ்தாயி வரும்போது பாதிப் பேர் வாயை மூடிவிடுவார்கள். பாட்டின் மிக உயர்ந்த சுரத்தை கீபோர்டில் கண்டுபிடியுங்கள். பெண்கள் பாடும் ஸ்தாயியில் அது நடு ஸி-க்கு அடுத்த ஸி-யைத் தாண்டி வரும் டி-க்கு மேல் போகக்கூடாது. ஆண்கள் ஒரு ஸ்தாயி கீழே பாடிக்கொள்வார்கள். மேலே போனால் டிரான்ஸ்போஸ் பொத்தானில் இறக்குங்கள். அதிகாலை ஆராதனைக்கு இன்னும் அரைக்கட்டை குறைப்பது நல்லது, தூங்கி எழுந்த குரல் மேலே ஏறாது. முடிவான கட்டையைப் பட்டியலில் எழுதி வையுங்கள். வாரநாளில் ஒரு சுருதி, ஞாயிறன்று வேறு சுருதி என்றால் பழகியது வீண்.

பழைய கீர்த்தனைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரே கீர்த்தனையை ஊருக்கு ஊர் வேறு ராகத்தில் பாடுவார்கள், அல்லது ஒரே ராகத்தில் வேறு வளைவுகளோடு பாடுவார்கள். உங்கள் சபையின் மூத்தவர்கள் பாடும் விதத்தைக் கேட்டு உறுதிசெய்த பிறகே ஒலிப்பதிவு செய்யுங்கள்.

ஒலிப்பதிவுக்குக் கைபேசி போதும். மின்விசிறியை நிறுத்தி, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, ஒரே குரலில் மெட்டை மட்டும் பாடுங்கள். ஆல்டோ, டெனர் போன்ற துணைக்குரல்கள் வேண்டாம். கேட்பவர் எதைப் பிடிப்பது என்று குழம்புவார். பல்லவி இருமுறை, ஒரு சரணம், மறுபடி பல்லவி. ஒன்றரை நிமிடத்துக்குள் முடியட்டும். நீண்ட பதிவை இரண்டாவது தடவை யாரும் போடமாட்டார்கள்.

திங்கள் மாலை இதை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். நிர்வாகிகள் மட்டுமே பதிவிடக்கூடிய தனிக்குழு வேண்டும், இல்லையென்றால் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் பாட்டு புதைந்துவிடும். வரிகளை யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்ததை ஒட்டினால் பலர் கைபேசியில் குப்பையாகத் தெரியும். பாமாலை அல்லது கீர்த்தனை எண்ணையும் சேருங்கள். கைபேசி இல்லாத முதியவர்களுக்கு 18 புள்ளி எழுத்தில் அச்சிட்ட தாளை முந்தின ஞாயிறே கையில் கொடுத்துவிட வேண்டும்.

பிரபலமான ஆல்பம் பதிவுகளைச் சபையின் யூடியூப் பக்கத்தில் ஏற்றாதீர்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் உண்மையான மதச் சடங்கில் பாடுவதற்கு விலக்கு தருகிறது. அடுத்தவர் ஒலிப்பதிவை இணையத்தில் ஏற்ற அது அனுமதி ஆகாது. எழுதியவர் இறந்து 60 ஆண்டு கடந்த பாடல் வரிகளுக்கு இந்தியாவில் உரிமைத் தடை இல்லை. 1864-இல் மறைந்த வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் இப்படிப்பட்டவை.

வாரத்தின் முக்கியமான வேலை அந்தந்தப் பகுதியின் ஜெபக்கூட்டத்தில்தான் நடக்கிறது. தொடக்கத்தில் பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். கீபோர்ட் இல்லாமல், ஒருவர் ஒரு வரி பாட, மற்றவர்கள் திருப்பிப் பாடட்டும். பல கீர்த்தனைகள் தாளம் விழுந்த பிறகு, அரை இடமோ ஒன்றரை இடமோ தள்ளித்தான் எடுக்கும். சபை தடுமாறுவது அந்த எடுப்பில்தான். ஆகவே முதலில் பாடாமல் கைத்தாளம் மட்டும் இரண்டு ஆவர்த்தனம் (தாளத்தின் இரண்டு முழுச்சுற்று) போடச் சொல்லி, எடுப்பு விழும் இடத்தில் முதல் சொல்லை மட்டும் சொல்ல வையுங்கள். பிறகு பல்லவி முழுதும். அடுத்து, சரணத்தின் கடைசி வரியிலிருந்து பல்லவிக்குத் திரும்பும் இடத்தைத் தனியாக மூன்று முறை. எல்லாச் சரணங்களையும் ஒரே நாளில் சொல்லிக்கொடுக்க வேண்டாம். மெட்டு பிடிபட்டால் மீதிச் சரணங்களைப் புத்தகம் பார்த்தே பாடிவிடுவார்கள்.

குடும்ப ஜெபத்துக்குப் பல்லவியும் ஒரு சரணமும் போதும். ஓய்வுநாள் பள்ளியில் ஒரு வாரம் முன்னதாகவே கற்றுக்கொடுத்தால் பிள்ளைகளே வீட்டில் பாடத் தொடங்குவார்கள். பெற்றோருக்கு அதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது.

முதல் ஞாயிறு காணிக்கை நேரத்தில் குழு மட்டும் பாடட்டும், இரண்டாவது வாரம் பல்லவிக்குச் சபை சேரட்டும், மூன்றாவது வாரம் முழுப்பாட்டு, நான்காவது வாரம் ஆராதனைத் தொடக்கப் பாட்டு. குழுவில் நாலைந்து பேரைப் பின்வரிசைகளில் சபையாரோடு உட்கார வையுங்கள். பக்கத்தில் உறுதியாகப் பாடும் குரல் கேட்டால் தயங்குபவர்கள் துணிவார்கள். சரணங்களுக்கு நடுவே இசை ஒரு ஆவர்த்தனத்தைத் தாண்ட வேண்டாம், எடுப்பில் தலைவர் கையை உயர்த்திக் காட்டட்டும்.

நான்காவது வாரம் கடைசிப் பல்லவியில் வாத்தியங்களையும் மைக்கையும் நிறுத்திக் கேளுங்கள். சபையின் குரல் கோயிலை நிரப்பினால் பாட்டைத் தெரிந்த பட்டியலில் சேர்த்து, அடுத்த இரண்டு மாதங்களில் இருமுறையாவது திரும்பப் பாடுங்கள். சத்தம் மெலிந்தால் இன்னும் இரண்டு வாரம் ஜெபக்கூட்டத்தில் எடுங்கள். அப்படியும் ஏறவில்லை என்றால் அதைப் பாடகர் குழுவின் தனிப்பாட்டாக வைத்துக்கொண்டு, சபைக்கு வேறொன்றைத் தேர்ந்தெடுங்கள்.