வாழையில் முடிக்கொத்து நோய்: கண்டறிந்து கட்டையோடு அகற்றும் முறை

முடிக்கொத்து நோய் கண்ட வாழையைத் தேற்றக்கூடிய மருந்து எதுவும் இல்லை. கடைக்காரர் எதைக் கொடுத்தாலும் அது நோயைப் பரப்பும் அசுவினி என்னும் சாறு உறிஞ்சும் சிறு பூச்சியைக் கொல்லுமே தவிர, மரத்துக்குள் புகுந்துவிட்ட வைரஸைத் தொடாது. ஆகவே நோயை நேரத்தோடு கண்டு, மரத்தை முறையாக அகற்றுவதே இங்கே செய்முறை.

முதலில் இலையைப் பாருங்கள். இலைகள் குட்டையாகவும் குறுகியும் விறைப்பாக நின்று உச்சியில் கொத்தாகக் கூடும் நிலை பின்னர் வருவது. அதுவரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். புதிதாக விரிந்த இலையின் அடிப்பக்கத்தில் உள்ள வெண்மாவை விரலால் துடைத்துவிட்டு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், நடுநரம்பை ஒட்டிய சிறு நரம்புகளில் தந்திக் குறிகளைப் போலக் கரும்பச்சைப் புள்ளிகளும் கோடுகளும் தெரியும். இலைக்காம்பிலும் இவை இருக்கும்.

அடுத்து, நோய் வரும் வழியைப் புரிந்துகொள்ளுங்கள். வெட்டுக்கத்தி வழியாக இது பரவுவதாகப் பலர் நம்புகின்றனர்; அது சரியன்று. வாழை அசுவினியும் நோயுற்ற கன்றுமே இதன் இரண்டு வழிகள். அசுவினி சில மணி நேரம் சாறு உறிஞ்சினாலே வைரஸை ஏற்றுக்கொள்கிறது. அதன்பின் வாழ்நாளின் பெரும்பகுதிக்கு அதைச் சுமந்து திரிகிறது.

இதனால்தான் மரத்தைத் தோண்டுவதற்கு முன் அசுவினியைக் கொல்ல வேண்டும். குருத்தின் உட்புறத்திலும் இலையுறைகளின் இடுக்கிலும் தண்டின் அடியிலும், வேளாண் அலுவலர் பரிந்துரைக்கும் பூச்சிக்கொல்லியை நன்கு நனையும்படி தெளித்துவிட்டுச் சில நாள் பொறுங்கள். ஒருமுறை இந்தப் படியைத் தாண்டி நேரே கடப்பாரையை எடுத்தேன். மரம் சாய்ந்ததும் கலைந்த அசுவினிகள் பக்கத்து மரங்களில் ஏறின. இரண்டு மாதத்துக்குள் அவற்றிலும் அதே கோடுகள் தெரிந்தன.

தோண்டும்போது நோய்க்குறி தெரியும் மரத்தை மட்டும் எடுத்தால் போதாது. வைரஸ் கிழங்கு வழியாக எல்லாப் பக்கக்கன்றுகளுக்கும் செல்வதால், பார்வைக்கு நலமாக உள்ள கன்றையும் சேர்த்து அடிக்கிழங்கோடு முழுக் கட்டையையும் பெயர்த்து, சிறு துண்டுகளாக நறுக்கி, வெயிலில் காயவிடுங்கள். அழகான கன்றை விட்டுவைக்க மனம் சொல்லும், அதைக் கேட்காதீர்கள். 1920களில் ஆஸ்திரேலியாவின் வாழைத் தொழில் இந்நோயால் அழியும் நிலைக்கு வந்தபோது, நோயுற்ற மரங்களைச் சட்டத்தின் வழியே கட்டாயமாக அகற்றித்தான் மீட்டார்கள். நம் கீழ்ப்பழனி மலையிலோ விருப்பாட்சி என்ற மலைவாழை வகையின் பரப்பையே இந்நோய் சுருக்கிவிட்டது.

மறுநடவுக்கு வைரஸ் சோதனை செய்யப்பட்ட திசு வளர்ப்புக் கன்றுகளையே வாங்குங்கள். அவையும் எதிர்ப்புத்திறன் பெற்றவை அல்ல. அசுவினி வந்தால் அவற்றுக்கும் நோய் வரும். தோண்டிய குழியில் மீந்த கிழங்குத் துண்டு துளிர்க்கிறதா என்பதை அடுத்த சில மாதங்களுக்கு வாரம் ஒருமுறை பார்த்து, துளிர்த்ததை உடனே பெயர்த்தெடுங்கள்.