ஸ்கூல்ல ஒரு கூரை போடணுமா, மொதல்ல கவுன்சில் பக்கம் போங்க

வணக்கம். பி.ஐ.பி.ஜி.ல (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) புதுசா வந்தவங்க, எல்.பி.எஸ்.ல (பள்ளி வாரியம்) மாட்டிக்கிட்டவங்க எல்லாருக்கும்தான் இது. பினாங்குல மொத்தம் 28 தமிழ்ப்பள்ளி, எதுல பார்த்தாலும் ஏதோ ஒரு கட்டட வேலை பாதியில நிக்கும்.

முதல்ல ஒண்ணு. ஸ்கூல் கட்ட காசு குடுக்குறது கவுன்சில் வேலை இல்ல, கல்வி ஃபெடரல் கையில இருக்கு. ஆனா கட்டலாம்னு பெர்மிஷன் குடுக்குறது கவுன்சில்தான், அதாவது மாநகர் மன்றம், தீவுல எம்.பி.பி.பி., பெருநிலத்துல எம்.பி.எஸ்.பி. நம்மாளுங்க காசு கேட்டு அங்க போவாங்க, பெர்மிஷனுக்கு மட்டும் போகமாட்டாங்க.

நாங்களும் அப்படித்தான் மாட்டுனோம். கேண்டீன்ல இருந்து பின் பிளாக் வரைக்கும் ஒரு கூரை நடைபாதை, மழையில பிள்ளைங்க நனையுதுன்னு. ஒரு அண்ணே இரும்பு முழுக்க ஸ்பான்சர் பண்றேன்னாரு, தீபாவளி லீவுலயே ஆரம்பிச்சுட்டோம், பதினாலு தூண்ல ஒம்பது நட்டாச்சு, அப்ப கவுன்சில் ஆள் ஒருத்தர் மோட்டார்ல வந்தாரு, ஹெல்மெட்டக்கூட கழட்டல, 'பிளான் மானா?' (பிளான் எங்க?)ன்னு கேட்டாரு. பிளான் எங்க இருந்து வரும், இருந்தது ஒரு கம்பிக்கடை பில் மட்டும்தான். ஏழு மாசம் அந்த ஒம்பது தூணும் சும்மா நின்னுச்சு, பிள்ளைங்க ஸ்கிப்பிங் கயிறு கட்டி வெளையாண்டாங்க. அவர் மேல தப்பே இல்ல. 1974 சாலை, வடிகால், கட்டடச் சட்டம் 70-ஆம் பிரிவுல தெளிவா இருக்கு, எழுத்துல அனுமதி இல்லாம கட்டடம் எழுப்பக் கூடாது.

அதனால நெலத்துல இருந்து ஆரம்பிங்க. பெஜாபாட் தானால (நில அலுவலகம்) போய் சாரியான் ரஸ்மி (நிலப் பதிவு விவரம்) எடுங்க, கிராண்ட் (நிலப் பட்டா) யாரு பேர்ல இருக்குன்னு தெரியும். பழைய தோட்டத்து ஸ்கூல்னா கம்பெனி பேர்ல இருக்கும், சில எடத்துல கோயில் பேர்ல, சில எடத்துல எப்பவோ காலமான ட்ரஸ்டி பேர்ல. நெலத்துக்காரர் கையெழுத்து இல்லாம பிளான் உள்ளயே போகாது. இன்னொண்ணு, உங்க ஸ்கூல் முழு உதவியா பாதி உதவியா? பாதி உதவின்னா டீச்சர் சம்பளம் அரசாங்கம் குடுக்கும், கட்டடத்துக்கு பெரும்பாலும் வாரியம்தான் அலையணும்.

அடுத்து தலைமையாசிரியர் மூலமா பி.பி.டி.க்கும் (மாவட்டக் கல்வி அலுவலகம்) ஜே.பி.என்.க்கும் (மாநிலக் கல்வி இலாகா) கடிதம். இத விட்டுட்டு நேரா ஆர்க்கிடெக்ட்கிட்ட போனா பின்னாடி எல்லாம் ரெண்டு தடவ செய்யணும்.

அப்புறம்தான் ஆர்க்கிடெக்ட், இல்ல இன்ஜினியர். பெரிய கட்டடம்னா 1976 நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி கெபெனாரான் மெரஞ்சாங் (திட்டமிடல் அனுமதி), அதோட கட்டட பிளான், போம்பா (தீயணைப்பு இலாகா) பார்வை, எல்லாம் கவுன்சிலோட ஓ.எஸ்.சி. (ஒரே இடத்துல விண்ணப்பம் வாங்குற பிரிவு) வழியாத்தான். கோலாலம்பூர்காரங்களுக்கு வேற சட்டம், 1982-ஓட கூட்டரசுப் பிரதேசத் திட்டமிடல் சட்டம், டி.பி.கே.எல்.ல (கோலாலம்பூர் மாநகர் மன்றம்) போடணும். வேலை முடிஞ்சதும் சி.சி.சி. (கட்டடம் முடிஞ்சு பயன்படுத்தலாம்ங்கிற சான்றிதழ்) வேணும், 2007-ல இருந்து அத கவுன்சில் குடுக்குறதில்ல, உங்க பிளான்ல கையெழுத்துப் போட்ட அதே ஆர்க்கிடெக்டோ இன்ஜினியரோதான் குடுக்கணும். அதனால தெரிஞ்சவர் மாமா பையன், 'சும்மா வரைஞ்சு தரேன்'னு சொல்றவரை எல்லாம் நம்பி எறங்காதீங்க. பெயிண்ட், ஒடஞ்ச ஓடு மாதிரி சின்ன வேலைக்கும் கவுண்டர்ல ஒரு வார்த்த கேட்டுட்டு ஆரம்பிங்க. புது ஏர்கான், புது வயரிங்னா லைசென்ஸ் இருக்குற வயர்மேன்தான், முடிச்சதும் அவர்கிட்ட போராங் ஜி (வேலை முடிஞ்ச சான்றிதழ்), போராங் எச் (டெஸ்ட் சான்றிதழ்) வாங்காம பாக்கிய குடுக்காதீங்க.

இப்ப காசு. ஸ்டேட் அரசாங்கம் தமிழ்ப்பள்ளிக்குன்னு ஒதுக்குது, அமைச்சு குடுக்குறது ஸ்கூல் வழியா வரும், ஒய்.பி.ங்ககிட்ட (சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினருங்க) சின்னச் சின்ன பெருந்துக்கான் (ஒதுக்கீடு) இருக்கும். ஸ்டேட் பட்ஜெட்டும் கவுன்சில் பட்ஜெட்டும் வருஷக் கடைசியில முடிவாகும், ஆகவே வருஷ ஆரம்பத்துலயே ஃபைல் ரெடியா இருக்கணும், நவம்பர்ல போய் நின்னா அடுத்த வருஷம் பாக்கலாம் லா-ன்னுதான் பதில் வரும். கடிதம் மலாய்ல ரெண்டு பக்கத்துக்கு மேல வேணாம், கூட போட்டோ, பிளான், மூணு செபுட் ஹர்கா (விலைப்புள்ளி), எத்தன பிள்ளைங்க, வாரியத்தோட மினிட் (கூட்டக் குறிப்பு). குத்தகைக்காரர் சி.ஐ.டி.பி. (கட்டுமானத் தொழில் வாரியம்) பதிவு உள்ளவரா இருக்கணும். நன்கொடை பெரிசா வர்றதுன்னா வருமான வரி 44(6) அனுமதி (நன்கொடை குடுக்குறவங்களுக்கு வரிக் கழிவு கெடைக்கும்) இருக்கான்னு பாருங்க, கம்பெனிக்காரங்க மொத கேள்வியே அதுதான்.

என் கருத்து ஒண்ணு, பல பேருக்குப் பிடிக்காது. டின்னர் போட்டு சேக்குற காசுல மொதல்ல ஆர்க்கிடெக்ட் ஃபீஸக் கட்டுங்க. ஹால் வாசல்ல தன் பேர் பதிச்ச கல்லுக்கு குடுக்க ஆள் வருவாங்க, பிளானுக்கும் சாயில் டெஸ்டுக்கும் குடுக்க யாரும் வரமாட்டாங்க, ஆனா அந்தப் பேப்பர் கையில இருந்தாத்தான் ஒய்.பி.யும் சரி ஸ்டேட்டும் சரி காது குடுத்துக் கேப்பாங்க.

கவுன்சில்கிட்ட கேக்க வேண்டியதும் இருக்கு. கேட்டுக்கு வெளிய உள்ள லோங்காங் (சாக்கடை), ஜீப்ரா கிராஸிங், ரோட்டு பொங்கோல் (வேகத்தடை), சாஞ்சு நிக்குற ரோட்டோர மரம். எங்க திடல்ல தண்ணி நிக்குதுன்னு தரைய ஒசத்த ஒரு குத்தகைக்காரர் பெரிய தொகை சொன்னாரு. பாத்தா ரோட்டோர லோங்காங்ல குப்பை அடைச்சுக் கெடக்கு, ஆல்லி மஜ்லிஸ்க்கு (கவுன்சில் உறுப்பினர்) போட்டோவோட ஒரு வாட்ஸ்ஆப், கூடவே கடிதம், ரெண்டு வாரத்துல சுத்தம் பண்ணிட்டாங்க. இந்த கவுன்சில் உறுப்பினருங்க ஓட்டுல வந்தவங்க இல்ல, ஸ்டேட் அரசாங்கம் நியமிக்கிறவங்க, அதனால தேர்தல் நேரத்துல மட்டும் தேடாம வருஷம் பூரா பழகி வைங்க. ஸ்கூல் நெலத்துக்கு சுக்காய் பிந்து (கவுன்சில் வரி) பில் வந்தாலும் பேசாம கட்டிடாதீங்க, 1976 ஊராட்சிச் சட்டத்துல பொதுப்பள்ளிக்கு விலக்கு கேக்க வழி இருக்கு.

கடைசியா ஃபைல். பி.ஐ.பி.ஜி. ஏ.ஜி.எம்.ல கமிட்டி மாறும், பேப்பரும் ஆளோட போயிடும், ஆகவே மூணு காப்பி, ஒண்ணு தலைமையாசிரியர் அலமாரியிலயே இருக்கட்டும். எங்க பழைய சைட் பிளான ரெண்டு வருஷம் தேடுனோம், முன்னாள் செயலாளர் கார் பூட்ல சைக்கிள் பம்புக்கு அடியில கெடந்துச்சு.