இணையவழிப் பாடத்தில் மாணவர் ஈடுபாட்டைத் தரவு கொண்டு கவனிப்பது எப்படி?

மாணவர் ஈடுபாட்டைத் தரவு கொண்டு கவனிக்க விரும்பும் ஆசிரியர், பாடத் தளம் எண்களையும் வரைபடங்களையும் தொகுத்துக் காட்டும் டாஷ்போர்டைத் திறப்பதற்கு முன்பே ஒன்றைச் செய்துவிட வேண்டும்: கிடைக்கப்போகும் எண்ணை வைத்து என்ன முடிவெடுக்கப் போகிறோம் என்பதை ஒரே வரியில் எழுதிவைக்க வேண்டும். ‘இந்த வாரம் யாரைத் தொடர்புகொள்ள வேண்டும்?’ என்பது ஒரு கேள்வி. ‘பாடத்தின் எந்தப் பகுதியைத் திருத்த வேண்டும்?’ என்பது வேறொரு கேள்வி. முதலாவதற்கு ஒவ்வொரு மாணவரின் வாராந்திரப் போக்கும் தேவை. இரண்டாவதற்குப் பெயர்களே தேவையில்லை. வகுப்பு எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று தெரிந்தால் போதும். கேள்வி இல்லாமல் திறந்தால், வண்ண வரைபடங்களைப் பார்த்துவிட்டு மூடிவைப்பதோடு வேலை முடிந்துவிடும்.

ஈடுபாட்டை நடத்தை, உணர்வு, சிந்தனை என மூன்றாகப் பிரித்துப் பார்ப்பது கல்வி ஆய்வாளர்களின் வழக்கம். மூடில், கேன்வாஸ் போன்ற இணையவழிப் பாடத் தளங்களின் லாக் பதிவுகள் (யார் எப்போது எதைச் சொடுக்கினார் என்று தளம் தானாகக் குறித்துவைப்பவை) காட்டுவது பெரும்பாலும் முதலாவதை மட்டுமே. மாணவர் பக்கத்தைத் திறந்தார் என்பது அதில் இருக்கும். புரிந்துகொண்டாரா, சலிப்படைந்தாரா என்பது இருக்காது. ஆகவே, வாரம் ஒருமுறை இரண்டே கேள்விகள் கொண்ட சிறு கருத்துக்கணிப்பையும் பாடத்தில் சேர்த்துவிடுவது நல்லது.

அமைப்பு வேலைகளைப் பாடம் தொடங்குவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். மூடிலில் ஒவ்வொரு செயல்பாட்டுக்கும் ‘நிறைவு’ நிபந்தனை வைக்கலாம். பலர் ‘பக்கத்தைத் திறந்தாலே நிறைவு’ என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி வைத்தால் வரிசையாகச் சொடுக்கிக்கொண்டே போகிறவருக்கும் நூறு சதவீதம் கிடைத்துவிடும். ஒப்படைப்பைச் சமர்ப்பித்தல், குவிஸில் குறிப்பிட்ட மதிப்பெண் பெறுதல், விவாதத்தில் பதில் எழுதுதல் போன்றவற்றை நிபந்தனையாக்குவதே பொருளுள்ளது. பாடம் நடந்துகொண்டிருக்கும்போது நிபந்தனைகளை மாற்றினால், அதுவரை சேர்ந்த நிறைவுப் பதிவுகள் அழிய வாய்ப்புண்டு.

அடுத்து, எந்தக் குறியீட்டை நம்புவது என்ற கேள்வி எழுகிறது. எல்லோரும் முதலில் தேடுவது ‘செலவிட்ட நேரம்’. எல்லாவற்றிலும் குறைவாக நம்பத்தக்கதும் அதுதான். மாணவர் திரையை விட்டு எப்போது எழுந்து போனார் என்பது சர்வருக்குத் தெரியாது; இரண்டு சொடுக்குகளுக்கு இடைப்பட்ட நேரத்தைக் கூட்டித்தான் கணக்கிடப்படுகிறது. ஒரு மாணவர் 9.05க்குப் பாடப் பக்கத்தைத் திறக்கிறார், 9.07க்கு அடுத்த பக்கத்துக்குப் போகிறார், 9.52க்குக் குவிஸைத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 30 நிமிடத்துக்கு மேற்பட்ட இடைவெளியைக் கணக்கில் சேர்க்காத கருவி, குவிஸுக்கு முன் அவர் படித்தது 2 நிமிடம் என்று சொல்லும். வரம்பை 60 நிமிடமாக வைத்த கருவி 47 நிமிடம் என்று சொல்லும். அந்த 45 நிமிடமும் அவர் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம், தூங்கியும் இருக்கலாம்.

இதைவிட உறுதியான அளவுகள் மூன்று: ஒரு வாரத்தில் மாணவர் பாடத்துக்குள் வந்த நாள்களின் எண்ணிக்கை, கெடுவுக்கு எவ்வளவு முன்னதாக ஒப்படைப்பு வருகிறது என்பது, தவறவிட்ட குவிஸை மீண்டும் முயல்கிறாரா என்பது. லாக் கோப்பைப் பதிவிறக்கி, எக்செலில் பைவட் அட்டவணை (பதிவுகளை வகைப்படுத்தித் தொகுக்கும் அட்டவணை) போட்டு, வரிசைகளில் மாணவர்களையும் நெடுவரிசைகளில் வாரங்களையும் வைத்தால், முதல் அளவுக்கான அட்டவணை கிடைத்துவிடும். கட்டங்களில் இருக்க வேண்டியது சொடுக்குகளின் எண்ணிக்கை அல்ல, வந்த நாள்களின் எண்ணிக்கை. அட்டவணையைப் படிக்கும்போது வகுப்புச் சராசரியோடு ஒப்பிடாமல், அந்த மாணவரின் முந்தைய வாரங்களோடு ஒப்பிட வேண்டும். 2, 2, 2, 2 என்று வருகிறவர் தமக்கேற்ற ஒழுங்கில் படிக்கிறார். 5, 4, 4, 1 என்று இறங்குகிறவரிடம்தான் ஏதோ மாறியிருக்கிறது. கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தால், முதலாமவருக்கு எச்சரிக்கை போகும், இரண்டாமவர் தப்பிவிடுவார்.

காணொளிகளைப் பொறுத்தவரை, எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்தின் பாடங்களில் 69 லட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு ஒன்று, காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்க்கும் நேரத்தின் இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) 6 நிமிடத்தைத் தாண்டுவதில்லை என்று கண்டது. நீளத்தைவிடப் பயனுள்ள தகவல், பலரும் பின்னோக்கி நகர்த்திப் பார்க்கும் இடம். பார்வை வரைபடத்தில் நான்காம் நிமிடத்தில் அப்படி ஒரு மேடு தெரிந்தால், அந்த இடத்தை நீங்களே ஓட்டிப் பாருங்கள்; சமன்பாடு திரையில் வந்து, குறித்துக்கொள்வதற்குள் மறைந்திருக்கும்.

பாதியில் நிற்பவர் எல்லோரும் தோற்றவர்கள் அல்லர். ஹார்வர்டும் எம்ஐடியும் தங்களின் முதல் 17 திறந்தநிலைப் பாடங்களைப் பற்றி 2014இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 8,41,687 பதிவுகளில் சான்றிதழ் பெற்றவை 43,196 மட்டுமே. ஆனால் பாடத்தின் பாதிக்கு மேல் பார்த்தும் சான்றிதழ் பெறாதவை 35,937. முதல் வாரத்திலேயே ‘முழுப் பாடத்தையும் முடிக்க எண்ணமா, சில பகுதிகள் மட்டும் போதுமா?’ என்று கேட்டு வைத்துக்கொண்டால், தேவையற்ற எச்சரிக்கைகள் பெருமளவு குறையும்.

முன்கணிப்புக் கருவிகளை நிதானமாகவே அணுக வேண்டும். பர்டூ பல்கலைக்கழகத்தின் ‘கோர்ஸ் சிக்னல்ஸ்’ பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகளால் மாணவர்களை எச்சரித்தது. அந்தக் கருவி பயன்பட்ட பாடங்களை இரண்டோ அதற்கு மேலோ எடுத்தவர்கள் கல்லூரியில் அதிகமாகத் தங்கினார்கள் என்று சொல்லப்பட்டது. கல்லூரியில் தொடர்ந்து இருந்தவர்களுக்குத்தான் அத்தனை பாடங்கள் எடுக்க வாய்ப்பே இருந்தது, ஆகவே காரணமும் விளைவும் இடம் மாறியிருக்கலாம் என்று 2013இல் விமர்சகர்கள் சுட்டிக்காட்டினர். உங்கள் பாடத்திலும் ‘விவாதத்தில் எழுதுகிறவர்கள் தேர்ச்சி பெறுகிறார்கள்’ என்று தெரிந்தால், உடனே விவாதத்தைக் கட்டாயமாக்கிவிடாதீர்கள். நன்றாகப் படிக்கிறவர்களே எழுத வந்திருக்கலாம்.

ஒருவரின் போக்கு இறங்குவது தெரிந்ததும் இரண்டு நாளுக்குள் ஒரு மனிதர் எழுத வேண்டும். ‘நீங்கள் இந்த வாரம் ஒரே ஒரு நாள்தான் வந்தீர்கள்’ என்று எழுதினால், வேவு பார்க்கப்பட்ட உணர்வே மிஞ்சும். ‘மூன்றாம் ஒப்படைப்பு இன்னும் வரவில்லை, எங்காவது சிக்கல் இருந்தால் சொல்லுங்கள், வியாழன் வரை அவகாசம் தரலாம்’ என்பதற்குப் பதில் வரும். அனுப்பிய தேதியையும் வந்த பதிலையும் அதே அட்டவணையில் குறித்துவைத்தால், எந்த அணுகுமுறை பலித்தது என்பது அடுத்த மாணவர் அணி வருவதற்குள் தெரிந்துவிடும்.

என்னென்ன பதிவாகிறது, யார் பார்க்கிறார்கள், எதற்காக என்பதை முதல் நாளிலேயே மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையில் உள்ள ஜிடிபிஆர் என்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இப்படிப்பட்ட வெளிப்படைத்தன்மையைக் கட்டாயமாகவே கோருகிறது. பதிவிறக்கிய லாக் கோப்புகள் ஆசிரியரின் மடிக்கணினியில் பெயர்களோடு கிடப்பதுதான் பலரும் மறந்துவிடும் ஆபத்து. பகுப்பாய்வுக்குப் பெயருக்குப் பதில் குறியீட்டு எண்ணை இட்டு, பெயர்ப்பட்டியலைத் தனியாக வைத்து, மதிப்பெண்கள் இறுதியான பிறகு அழிக்க வேண்டிய தேதியைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.