ஃபேக்டர் ஈடிஎஃப்பா, உலகக் குறியீட்டு நிதியா? தேர்ந்தெடுப்பது எப்படி

உலகப் பங்குகள் முழுவதையும் ஒரே நிதியில் வாங்கலாம் என்று தெரிந்து முதலீடு செய்யப் போவீர்கள். பக்கத்திலேயே ‘வேல்யூ’, ‘மொமெண்டம்’, ‘குவாலிட்டி’ என்று வேறு சில ஈடிஎஃப்கள் (பங்குச்சந்தையில் பங்கு போலவே வாங்கி விற்கும் நிதிகள்) நிற்கும். இவைதான் ஃபேக்டர் ஈடிஎஃப்கள். கடந்த சில ஆண்டுகளில் அவற்றில் ஒன்று அதிக லாபமும் காட்டியிருக்கும். அங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. வாங்கும் முன் இந்தப் படிகளை வரிசையாகச் செய்து பாருங்கள்.

படி 1: இரண்டும் என்ன செய்கின்றன?

உலகக் குறியீட்டு நிதி, ஒரு குறியீட்டின் பட்டியலில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கும். எம்எஸ்சிஐ ஏசிடபிள்யூஐ போன்ற உலகக் குறியீட்டில் வளர்ந்த, வளரும் நாடுகளின் சுமார் 2,500 நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் எடையும் அதன் சந்தை மதிப்பைப் பொறுத்தது. நிறுவனம் வளர்ந்தால் எடை தானாகவே கூடும்.

ஃபேக்டர் ஈடிஎஃப் அதே பங்குகளிலிருந்து ஒரு குணத்தை வைத்துப் பொறுக்கி எடுக்கும். நிறுவனத்தின் லாபம், சொத்து மதிப்போடு ஒப்பிட்டால் மலிவான பங்குகள் என்றால் வேல்யூ. சமீபத்தில் ஏறியவை என்றால் மொமெண்டம். லாபமும் நிதிநிலையும் வலுவானவை என்றால் குவாலிட்டி. இதற்குப் பின்னால் ஆய்வு இருக்கிறது. சிறிய நிறுவனங்களும் மலிவான பங்குகளும் நீண்டகாலத்தில் கூடுதலாகத் தந்திருப்பதை நிதியியல் பேராசிரியர்கள் யூஜின் ஃபாமாவும் கென்னத் ஃபிரெஞ்சும் 1992-இல் எழுதினார்கள். மொமெண்டத்தை 1993-இல் நரசிம்மன் ஜெகதீஷும் ஷெரிடன் டிட்மனும் காட்டினார்கள்.

படி 2: அந்தக் கூடுதல் லாபம் இன்னும் மிச்சம் இருக்கிறதா?

ஒரு வழி எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் அதில் கூட்டம் சேரும். மெக்லீன், போன்டிஃப் என்ற இரு ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட 97 குணங்களை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். ஆய்வுக் கட்டுரை வெளிவந்த பிறகு, கூடுதல் லாபம் சராசரியாக 58% குறைந்திருந்தது. முழுதாக மறையவில்லை, ஆனால் பழைய வரைபடத்தில் தெரிவதை அப்படியே எதிர்பார்க்கக் கூடாது.

படி 3: பின்தங்கினால் தாங்குவீர்களா?

இந்தப் படியில்தான் நிதானமாக உட்கார்ந்து யோசிக்க வேண்டும். அமெரிக்காவில் 2007 முதல் 2020 வரை, பெரும்பாலான காலம் வேல்யூ பங்குகள் வளர்ச்சிப் பங்குகளைவிட (வேகமாக வளரும் என்ற எதிர்பார்ப்பில் விலை உயர்ந்திருப்பவை) பின்தங்கியே இருந்தன. ஏறத்தாழ 13 ஆண்டுகள்! ஒவ்வொரு வருடமும் ‘சாதாரண நிதியிலேயே இருந்திருக்கலாமே’ என்று தோன்றும். பத்தாவது வருடம் மனம் வெறுத்து விற்றுவிட்டால், மோசமான காலத்தின் இழப்பு மட்டும் உங்களுக்கு. அதற்கப்புறம் வரும் மீட்சி இன்னொருவருக்கு. மொமெண்டமும் இதற்கு விலக்கல்ல. 2009-இல் சந்தை சட்டென்று மீண்டபோது அது கடுமையாக அடிவாங்கியது.

உலக நிதியும் விழும், பாதியாகக்கூட ஆகலாம். ஆனால் அப்போது சந்தையே விழுந்திருக்கும். எல்லோரும் ஏறும்போது நாம் மட்டும் நிற்பது வேறு வகையான வலி. அதைத் தாங்குவேன் என்று உறுதியாகச் சொல்ல முடியாதவர் உலக நிதியோடு இங்கேயே நின்றுகொள்ளலாம். புதிதாக வருபவர்களில் பெரும்பாலோருக்கு அதுதான் சரி என்பது என் தீர்மானமான கருத்து.

படி 4: செலவும் உள்ளடக்கமும்

ஃபேக்டர் ஈடிஎஃப்களின் ஆண்டுச் செலவு பொதுவாக அதிகம். வித்தியாசம் வெறும் 0.2% என்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம், ஆண்டுக்கு 7% வளர்ச்சியில் 30 ஆண்டுகளில் சுமார் 7.61 லட்சம் ஆகும், 6.8% என்றால் 7.20 லட்சம்தான்.

பெயரை மட்டும் நம்பவும் வேண்டாம். ஒரு வேல்யூ நிதி, மலிவு எங்கே என்று சந்தை முழுவதும் தேடும். இன்னொன்று ஒவ்வொரு துறைக்குள்ளும் தனித்தனியாகத் தேடும். முதல் வகை வங்கி, எரிசக்தி போன்ற ஓரிரு துறைகளில் குவிந்துவிடலாம். நிதியின் விவரத்தாளில் முதல் பத்து பங்குகள், ஒவ்வொரு துறைக்கும் உள்ள சதவீதம் இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

படி 5: இன்னும் வேண்டும் என்றால்

உலக நிதியை அடித்தளமாக வைத்து, 10 முதல் 20% மட்டும் ஃபேக்டருக்கு ஒதுக்குங்கள். அந்தப் பங்குகளில் பெரும்பாலானவை உங்கள் உலக நிதியில் ஏற்கெனவே இருப்பவைதான். நீங்கள் புதிதாக எதையும் சேர்க்கவில்லை, சிலவற்றின் எடையைக் கூட்டுகிறீர்கள், அவ்வளவுதான்.

வாங்கும் அன்றே ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள்: ஏன் வாங்கினேன், எத்தனை சதவீதம், எத்தனை வருடம் தொடமாட்டேன். மூன்றாவது வரியில் 15-க்குக் குறைவான எண் வந்தால், அந்த ஒதுக்கீட்டையும் உலக நிதியிலேயே போட்டுவிடுங்கள்.