டர்ஃப் புக் பண்ணும் முன் கோல் வாசலில் குனிந்து பாருங்கள்

மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் டர்ஃபுக்கு, அதாவது செயற்கைப் புல் மைதானத்துக்கு, முன்பணம் கட்டும் முன், நேராகக் கோல் வாசலுக்கும் கிரிக்கெட் கிரீஸுக்கும் போய்ப் புல்லை விரலால் விலக்கிப் பாருங்கள். அதிகம் தேய்வது இந்த இரண்டு இடங்கள்தான். நடு மைதானம் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். இழை நிமிர்ந்து நின்று, அடியில் மணலும் கறுப்பு ரப்பர் குருணையும் இருந்தால் பராமரிப்பு நடக்கிறது. இழை படுத்து அடித்துணி தெரிந்தால், குருணை போய் நாளாகிவிட்டது. அங்கே கால் வழுக்கும், விழுந்தால் முழங்கால் தோல் உரியும்.

டெல்டாவில் தண்ணீரையும் பார்க்க வேண்டும். களிமண் வயலை மேடாக்கிப் போட்ட டர்ஃபில் ஜல்லிப் படுகை சரியில்லை என்றால், ஐப்பசி, கார்த்திகை மழையில் தரை அங்கங்கே அமுங்கி, விரிப்பின் ஒட்டுவாய் பிரியும். பெரிய மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போங்கள். எங்கே குட்டை நிற்கிறதோ அங்கே கோளாறு. கேன்டீன், செல்ஃபி சுவர் எல்லாம் அப்புறம்.

வாடகையைத் தலைக்கணக்கில் பாருங்கள். மணிக்கு 1,000 ரூபாய், 10 பேர் ஆடினால் ஆளுக்கு 100. 800 ரூபாய் டர்ஃபில் 8 பேர்தான் ஆட இடம் என்றால் அதுவும் அதே 100தான்.

கிரிக்கெட்டுக்கென்றே போட்ட குட்டைப் புல் விரிப்பில் ரப்பர் குருணை இருக்காது. அங்கே ஒட்டுவாயையும், பந்து சீராக எழும்புகிறதா என்பதையும் மட்டும் பாருங்கள். போட்டுச் சில மாதமே ஆன புது டர்ஃபிலும் விரல் சோதனை எதையும் காட்டாது.